அறுபத்தைந்து அங்குலத் தோஷம்

பண்டத்தரிப்பில் போன ஆவணியில் மூன்று கலியாணப் பேச்சுகள் சாதகம் பொருந்தாமல் முறிந்தன. அதே ஆவணியில் பதினேழு தொலைக்காட்சிப் பெட்டிகள் சாதகம் பொருந்தி வீடு புகுந்தன. ஊர் முன்னேறவில்லை என்று இனி யாரும் குறை சொல்லக் கூடாது.

வாசகர் தவறாக வாசிக்கவில்லை. தொலைக்காட்சிக்குத்தான் சாதகம். ஊரார் அதை ரீவி என்பார்கள். ரீவியின் முதுகில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். எந்த மாதம், எந்த வருடம் செய்தது என்று அதில் அச்சடித்திருக்கும். அதுதான் பிறந்த திகதி. கீழே ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். அதைக் கூட்டிப் பெருக்கிக் கழித்தால் நட்சத்திரம் வந்துவிடும். அந்த நட்சத்திரத்தை வீட்டுத் தலைவனின் நட்சத்திரத்தோடு வைத்துப் பார்த்து, பத்தில் ஆறு பொருத்தமாவது இருந்தால் வாங்கலாம். கணப் பொருத்தம் இருந்தால் சத்தம் இரையாது. மகேந்திரப் பொருத்தம் இருந்தால் படம் தெளிவாக விழும். ரச்சுப் பொருத்தம் இல்லாவிட்டால் மட்டும் வீட்டுத் தலைவனின் உயிருக்கே ஆபத்து. மற்ற ஒன்பதும் இருந்தாலும் பிரயோசனமில்லை.

உலகத்தில் வேறு எந்த விஞ்ஞானிக்கும் தோன்றாத இந்தச் சாத்திரத்தைக் கண்டுபிடித்தவர் சாத்திரியார் சிவக்கொழுந்து. ஐந்து வருடத்துக்கு முந்தி அவர் வெறும் சிவக்கொழுந்து. வீடு வீடாக அன்ரனா பூட்டித் திரிந்தவர். கமுகு உயரத்துக் குழாயில் தொங்கிக்கொண்டு, “இப்ப படம் வருதோ?” என்று மேலிருந்து கத்துவார். “இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு!” என்று கீழிருந்து முழு வீடும் கத்தும். பிறகு கேபிள் வந்தது. டிஷ் வந்தது. அன்ரனாவைக் காகங்கள் எடுத்துக்கொண்டன. சிவக்கொழுந்து ஏணியை விற்று உருத்திராட்சம் வாங்கினார். வானத்திலிருந்து வருவதைப் பிடித்துக் கொடுப்பதுதான் இரண்டு தொழிலும். என்ன, முந்திய தொழிலில் சில நாட்களாவது ஏதாவது வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில்லாலை வீதியில் அவருடைய படலையில் சைக்கிளும் ஸ்கூட்டியும் திருவிழாப் போல நிற்கும். விறாந்தையில் இருபது பிளாஸ்ரிக் கதிரை. கையில் இலக்கத் துண்டோடு சனம் காத்திருக்கும். சில்லாலையிலிருந்து லூர்த்தம்மாவும் வந்தாள், ஒரு கையில் செபமாலை, மறு கையில் ரீவியின் உத்தரவாத அட்டை.

“எங்கடை சுவாமியார் வீட்டைத்தான் மந்திரிப்பார். ரீவியை ஆர் பாக்கிறது?” என்று அவள் நியாயம் சொன்னாள். அதுவும் சரிதான். சைவக்காரரும் வேதக்காரரும் ஒரே விறாந்தையில் இவ்வளவு ஒற்றுமையாக ஏமாறுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

சாத்திரியாரின் புகழுக்குக் காரணம் உடுப்பிட்டியில் விழுந்த ஓர் இடி. அங்கே ஒருவர் பொருத்தம் பாராமல் ரீவி வாங்கினாராம். இடி விழுந்து ரீவி கருகிப்போனதாம். அதே இடியில் பக்கத்து வளவுக் கோழிக்கூடும் எரிந்தது. அந்தக் கோழிகள் என்ன நட்சத்திரம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

உடுப்பிட்டிக் கதையைப் பண்டத்தரிப்பில் வீடு வீடாகக் காவியவள் அருமைநாயகி. சாத்திரியாரின் முதல் வாடிக்கைக்காரி அவள்தான். அவள் வந்து சொல்லாத வீடு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது அவளுடைய பக்கத்து வீடு, கனகரத்தினத்தின் வீடு. அதுவும் அவர்கள் இன்னும் புதிய ரீவி வாங்காததால்.

கனகரத்தினம் வெங்காயமும் புகையிலையும் வைக்கிற கமக்காரர். இரண்டு வருடத்துக்கு முந்தி நெஞ்சில் அடைப்பு வந்து, குழாய் வைத்துப் பிழைத்தவர். மனைவி கமலாவதி. மகன் ஜெயரூபன் சுவிஸில். அந்த வீட்டில் நாலாவதாக ஓர் ஆள் உண்டு, கனகரத்தினத்தின் தங்கச்சி மகாதேவி. வயது ஐம்பத்தொன்று. உடுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டுப் போய், ஒன்பது வருடத்துக்கு முந்தி புருஷன் நெஞ்சுவலியில் போனபிறகு, ஒரு தையல் மெசினோடு தமையன் வீட்டுக்குத் திரும்பியவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பாள். அளந்து பாராமல் எதையும் வெட்ட மாட்டாள். அந்தக் கெட்ட பழக்கத்தால் வந்ததுதான் இந்தக் கதை.

வீட்டிலிருந்த பழைய ரீவி, பின்பக்கம் பூசணிக்காய் போலப் புடைத்த சாதி, ஒரு நாடகத்தில் மருமகள் விஷம் குடிக்கிற கட்டத்தில் தானும் உயிரை விட்டது. ஜெயரூபன் புதிய ரீவிக்குக் காசு அனுப்பினான். அண்ணையும் தங்கச்சியும் பஸ் ஏறி எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிக்குப் போனார்கள். அங்கே றொகான் என்பவர் பெரிய ரீவிக் கடை வைத்திருந்தார். கடைக்குள் முப்பது ரீவியிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது.

“இது ஃபோர் கே, ஐயா. நடிகையின்ரை கண்மை ஒரு சொட்டுக் கரைஞ்சாலும் தெரியும்,” என்றார் றொகான்.

“அது தெரிஞ்சு நான் என்ன செய்யிறது, தம்பி?” என்றார் கனகரத்தினம்.

மகாதேவி தையல் நாடாவால் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சுவருக்கும் கதிரைக்கும் இடையில் எட்டரை அடி. அந்தத் தூரத்துக்கு நாற்பத்துமூன்று அங்குலம் காணும். ஊர்க் கேபிளில் வருகிற படத்துக்கு ஃபுல் எச்டியே தாராளம். மீனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கேபிளில் செய்தியைப் போட்டுக் காட்டச் சொன்னாள். றொகானுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் காட்டினார். நாற்பத்துமூன்று அங்குலத்தில் செய்தி நன்றாகத்தான் தெரிந்தது. கனகரத்தினத்துக்கும் விலை பிடித்தது. நாளைக்கு வந்து எடுக்கிறோம் என்று சொல்லி, முதுகு ஒட்டுத்தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாதிரி இலக்கம் மாறிப் போகக் கூடாது என்பதற்காக மகாதேவி பிடித்த படம் அது. கமலாவதி அதைச் சாதகம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கமலாவதியும், துணைக்கு மகாதேவியும் சாத்திரியார் விறாந்தையில் இருந்தார்கள். சாத்திரியார் மடியில் ஒரு பஞ்சாங்கம். பத்து வருடப் பஞ்சாங்கங்களைச் சேர்த்துத் தைத்து மட்டை போட்ட தடித்த புத்தகம். அதை அவர் வேறு யாரையும் தொட விடமாட்டார். போனிலிருந்த படத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். உதட்டைப் பிதுக்கினார்.

“ரச்சு தட்டுது.”

கமலாவதி நெஞ்சில் கையை வைத்தாள். மகாதேவி வாயைத் திறந்தாள்.

“ஐயா, எனக்கொரு சந்தேகம்.”

“கேள், பிள்ளை.”

“உது சீனாவிலை செய்த ரீவி. பிறந்த நேரம் பாக்கேக்கை சீனா நேரமோ, எங்கடை நேரமோ?”

பின்னால் யாரோ சிரித்து, உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“கிரகம் எல்லா ஊருக்கும் ஒண்டுதான், பிள்ளை.”

“அப்ப அண்டைக்கு அந்தத் தொழிற்சாலையிலை ஆயிரம் ரீவி பிறந்திருக்குமே. ஆயிரத்துக்கும் ஒரே பலனோ?”

சாத்திரியார் பஞ்சாங்கத்தை மூடினார். மகாதேவியின் வெறும் நெற்றியை நிதானமாகப் பார்த்தார்.

“உனக்கு அவர் இருக்கிறாரோ?”

“இல்லை. ஒன்பது வருசம்.”

“ம்,” என்றார் சாத்திரியார்.

அந்த ஒரு ‘ம்’முக்குள் அடுத்த கிழமை வேலை முழுவதும் அடங்கியிருந்தது.

கனகரத்தினத்தின் நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற ரீவி ஒன்று, நல்ல காலம், றொகான் கடையிலேயே இருந்தது. அறுபத்தைந்து அங்குலம். இரண்டு வருடமாக யாரும் பெண் கேட்டு வராமல் மூலையில் தூசி பிடித்து நின்றது. ஒன்பது பொருத்தம். சாத்திரியார் சொல்லுகிற ரீவியெல்லாம் எப்படி அந்த ஒரு கடையிலேயே பிறக்கின்றன என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கனகரத்தினம் முதலில் முறுகினார். கமலாவதி அவருடைய நெஞ்சுக் குழாயை நினைவுபடுத்தினாள். முறுகல் நின்றது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குச் சுபவேளை. ரீவி வந்தது. ஆலாத்தி எடுத்தார்கள். ரீவி சுவரில் அடங்கவில்லை. அதனால் முருகனையும் பிள்ளையாரையும் இலட்சுமியையும் ஆணியோடு கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு அதை மாட்டினார்கள். எட்டரை அடியில் இருந்து பார்த்தபோது, செய்தி வாசிக்கிறவரின் மூக்குமயிர் தெரிந்தது. கனகரத்தினம் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பின்னால் சுவர் இருந்தது.

பிறகு முகங்காட்டல். சாத்திரியாரின் சாத்திரத்தில் இதுதான் உச்சம். வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக ரீவிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் பஞ்சாங்கத்தை ரீவிப் பக்கம் நீட்டி மந்திரம் சொல்லுவார். தோஷம் இல்லாதவர் என்றால் படம் ஓடும். தோஷக்காரர் நின்றால் ரீவி தானாக இருண்டுபோகும். தொட்டவர் இல்லை, தட்டியவர் இல்லை. ஊர் இதைப் பதினேழு வீட்டில் கண்ணால் கண்டிருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் தோஷக்காரர் ஒருவர் அகப்பட்டார். ஆனால் ஒரு வீட்டிலும் அது வீட்டுத் தலைவராக இருக்கவில்லை. காசு அனுப்புகிற மகனாகவும் இருக்கவில்லை. புதிதாக வந்த மருமகள், கலியாணம் ஆகாத பெரியவள், ஒதுக்குப்புறத்தில் படுத்திருக்கும் மாமியார் என்று வாயில்லாதவராகப் பார்த்துப் பார்த்துத் தோஷம் இறங்கியது. கிரகங்களுக்கும் ஆள் தெரிகிறது.

கனகரத்தினம் நின்றார். படம் ஓடியது. கமலாவதி நின்றாள். ஓடியது. சுவிஸில் வேலைக்குப் போகுமுன் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஜெயரூபன், போனில் முகம் காட்டினான். அவனுக்கும் ஓடியது. மகாதேவி நின்றாள்.

பட்டென்று ரீவி இருண்டது.

மறுபடி போட்டார்கள். மறுபடி நின்றாள். மறுபடி இருண்டது. மூன்றாம் முறையும் அப்படித்தான். படலையில் நின்ற சனம் ஒரே மூச்சாக ‘ஆ’ என்றது. கமலாவதியின் கைப் போனுக்குள் இருந்து ஜெயரூபன் மட்டும் வேறு ஏதோ சொன்னான்.

“அம்மா, ஐயாவின்ரை புத்தகத்திலை என்ன ஊதா லைற் மின்னுது?”

கமலாவதி புத்தகத்தைப் பார்த்தாள். ஒரு வெளிச்சமும் இல்லை.

“இஞ்சை ஒண்டும் மின்னேல்லை, மோனை.”

“போனிலை வடிவாத் தெரியுது, அம்மா.”

சாத்திரியார் ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான்.

“அது பஞ்சாங்கத்தின்ரை தேசசு, தெய்வ ஒளி,” என்றார். “ஊனக்கண்ணுக்குத் தெரியாது.”

அருமைநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். பிறகு சாத்திரியார் தீர்ப்புச் சொன்னார்.

“ஒருத்தரை எடுத்த நட்சத்திரம் இது. உவ இந்தக் கூரைக்குக் கீழை இருந்தால், நாற்பத்தெட்டு நாளைக்குள்ளை…” என்று நிறுத்தி, கனகரத்தினத்தின் நெஞ்சைப் பார்த்தார். மிச்சத்தை அவர் சொல்லத் தேவைப்படவில்லை. “நாளைக்கில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்து பரிகாரம் செய்யிறன். அண்டைக்கே உவ புருசன் வீட்டுப் பக்கம் போயிடவேணும்.”

“அப்ப ரீவியைத் திருப்பிக் குடுங்கோவன்,” என்றாள் மகாதேவி.

“வீடு புகுந்த ரீவியைத் திருப்பி அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது, பிள்ளை.”

வீடு புகுந்த ரீவியை அனுப்பக் கூடாது. வீட்டில் பிறந்த பெண்ணை அனுப்பலாம். சாத்திரம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

உடுப்பிட்டியில் மகாதேவிக்கு இருந்தது புருஷனின் தம்பி வீடு. ஓர் அறை, நாலு பிள்ளைகள். புருஷனின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள், “மச்சாள், எப்ப வெளிக்கிடுறியள்?” என்று கேட்ட வீடு. பின்னேரம் கனகரத்தினம் தங்கச்சியின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“கொஞ்ச நாளைக்குத்தான், தங்கச்சி.”

“அண்ணை, உதை நீங்கள் நம்புறியளோ?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “நம்பேல்லை. எண்டாலும் பயமாக் கிடக்கு.”

தமையன் கெட்டவர் அல்ல. கெட்டவர் என்றால் அவளுக்குக் கோபம் மட்டும் வந்திருக்கும். இப்போது அழுகையும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதாள். ஒன்பது வருடம் இந்த வீட்டில் சமைத்து, தைத்து, நெஞ்சு வலித்த அண்ணையை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் பார்த்தவளை, மூன்று தரம் இருண்ட ஒரு கண்ணாடி வெளியே போகச் சொல்லிவிட்டது. அழுது முடிய முகத்தைக் கழுவினாள். அழுதால் அவளுக்கு மூளை தெளியும்.

ஊதா வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாதது, போனுக்குத் தெரிகிறது. தெய்வத்தின் தேசசு மனிசரை விட்டுவிட்டுப் போனுக்கு ஏன் காட்சி கொடுக்க வேண்டும்?

மறுநாள் காலை, கனகரத்தினம் தோட்டத்துக்கும் கமலாவதி சந்தைக்கும் போனபிறகு, மகாதேவி ரீவி முன்னால் போய் நின்றாள். ரீவியைத் தொடாமல், எட்ட நின்று அணைக்கிறதும் போடுகிறதும் ஒன்றே ஒன்றுதான், றிமோட். றிமோட்டை எடுத்தாள். அதன் நுனியில் இருந்த சின்னக் கண்ணாடி மணியைத் தன்னுடைய மலிவுப் போனின் கமராவுக்கு நேரே பிடித்து அமத்தினாள்.

போன் திரையில் ஊதா வெளிச்சம் மின்னியது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. விட்டு விட்டு அமத்தினாள். விட்டு விட்டு மின்னியது. பஞ்சாங்கத்தின் தேசசு, பற்றரி இரண்டு போட்டால் றிமோட்டிலும் வருகிறது.

அந்த வெளிச்சம் ரீவியில் எங்கே போய்ச் சேருகிறது என்று அடுத்ததாகத் தேடினாள். ரீவியின் கீழ் விளிம்பில், நடுவில், மிளகு அளவில் ஒரு கறுப்புக் கண் இருந்தது. அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு றிமோட்டை அமத்தினாள். ரீவி அசையவில்லை. கையை எடுத்து அமத்தினாள். அணைந்தது. அளந்து பார்த்தாயிற்று. இனி வெட்டலாம்.

ஆனால் யாரிடம் சொல்லுவது? தோஷக்காரி தோஷமில்லை என்றால், அதுவும் தோஷத்தின் வேலை என்பார்கள். சனம் கண்ணால் கண்டுதான் ஏமாந்தது. கண்ணால் கண்டுதான் தெளிய வேண்டும். ஒரு கிழமை அவள் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை அடுக்கி வாசலில் வைத்தாள். கமலாவதிக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பரிகாரம் பார்க்க அரை ஊர் வந்தது. றொகானும் வந்திருந்தார். பொருத்தம் பார்த்து விற்ற ரீவியின் பெருமையைப் பார்க்க வந்தாராம். சாத்திரியார் பஞ்சாங்கத்தோடு மணையில் இருந்தார். ஜெயரூபன் போனுக்குள் இருந்தான். மகாதேவி முன்னால் வந்து கைகூப்பினாள்.

“ஐயா, நான் போறன். போறதுக்கு முதல் ஒரு ஆசை. இவ்வளவு பெரிய ரீவி. ஊர்க்கண் முழுக்க அதிலைதான். ஒரு கண்ணூறுப் பொட்டு வைச்சிட்டுப் போகட்டோ?”

சனம் உருகியது. “பாவம், போகேக்கையும் வீட்டுக்கு நல்லதைத்தான் நினைக்கிறாள்,” என்றாள் அருமைநாயகி.

“தாராளமா வை, பிள்ளை,” என்றார் சாத்திரியார். கண்ணூறை அவர் மறுத்தால் அவருடைய கடையையே பூட்ட வேண்டியதுதான்.

கமலாவதியிடம் இருந்த ஒட்டுப் பொட்டு அட்டையில் ஆகப் பெரிய கறுப்புப் பொட்டாக மூன்றை மகாதேவி எடுத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக, ரீவியின் கீழ் விளிம்பில், நடுவில், அழுத்தி ஒட்டினாள். எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

“இனி ஒருக்கா எல்லாருக்கும் முன்னாலை என்ரை தோஷத்தைக் காட்டிவிடுங்கோ, ஐயா. பிறகு ஆரும் அண்ணையை நாக்கு வளைக்கக் கூடாது.”

அவள் ரீவிக்கு முன்னால் நின்றாள். ரீவியில் ஒரு பெண் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். சாத்திரியார் பஞ்சாங்கத்தை நீட்டி மந்திரத்தை முடித்தார்.

கத்தரிக்காய் வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

சாத்திரியார் இன்னொரு மந்திரம் சொன்னார். ஓங்கிச் சொன்னார். கத்தரிக்காய் முடிந்து, வெங்காயம் தொடங்கியது. பஞ்சாங்கத்தைச் சரித்தார், நிமிர்த்தினார், உதறினார். வெங்காயம் வதங்கிப் பொன்னிறமானது.

“என்ன ஐயா, தோஷம் போயிட்டுதோ?” என்றாள் மகாதேவி.

“கொஞ்சம் விலகு, பிள்ளை. மறைக்கிறாய்.”

அவள் விலகி ரீவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சாத்திரியார் மணையை விட்டு எழும்பினார். வேட்டியை இழுத்துக் கட்டினார். ரீவிக்கு நேர் முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்று, பஞ்சாங்கத்தை அதன் முகத்தில் வைத்து அமத்து அமத்தென்று அமத்தினார். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து ஓடியது. மகாதேவி மெல்லக் குனிந்தாள். கண்ணூறுப் பொட்டை நகத்தால் கிளப்பி உரித்தாள்.

பட்டென்று ரீவி இருண்டது.

கரும்பலகை போன்ற கண்ணாடிக்கு முன்னால் நின்றது ஒரே ஓர் ஆள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ரீவியின் முன் யார் நிற்க அது இருள்கிறதோ அவர்தான் தோஷக்காரர் என்பது அவரே வகுத்த சட்டம்.

“ஐயோ, ஐயாவுக்கோ?” என்றாள் லூர்த்தம்மா.

சாத்திரியார் லேசுப்பட்டவர் அல்ல. கண்ணை மூடி, ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

“பிள்ளையின்ரை தோஷத்தை நான் என்ரை உடம்பிலை ஏத்தீட்டன்,” என்றார். “ஆருக்காகச் செய்யிறன்? உங்களுக்காகத்தானே.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலைந்து பேர் கும்பிட்டே விட்டார்கள். அருமைநாயகிக்குக் கண்கூடக் கலங்கியது. ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அவர் தியாகியாகவே வீட்டுக்குப் போயிருப்பார்.

மகாதேவி தமையனைப் பார்த்தாள். “அண்ணை, உந்தப் பொட்டுக்குப் பின்னாலை றிமோட்டின்ரை வெளிச்சத்தை வாங்கிற கண் இருக்கு. அதை மூடினால் ரீவி அணையேல்லை. திறந்தால் அணையுது. தோஷத்துக்கு ஏன் அண்ணை றிமோட்டின்ரை கண் தேவை? அந்தப் புத்தகத்தை ஒருக்கா வாங்கிப் பாருங்கோ.”

“மாமி சொல்லுறது சரி, அப்பா! இப்பவும் அதுக்குள்ளை மின்னினது!” என்று போனுக்குள் இருந்து ஜெயரூபன் கத்தினான்.

சாத்திரியார் பஞ்சாங்கத்தை நெஞ்சோடு அணைத்தார். “தொடக் கூடாது! தீட்டு!”

கனகரத்தினம் ஒரு கிழமையாகத் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். பிறகு எழும்பி வந்தார். வெங்காயப் பாத்தி கொத்துகிற கை. புத்தகத்தை ஒரே இழுவையில் பிடுங்கி விரித்தார்.

முதல் வருடத்துச் சித்திரை, வைகாசி சரியாக இருந்தன. ஆனியிலிருந்து கடைசி வருடத்து மாசி வரைக்கும் நடுவில் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. அந்தக் குழிக்குள், எல்லா ரீவிக்கும் பொதுவான கறுப்பு றிமோட் ஒன்று, தொட்டில் பிள்ளை போலப் படுத்திருந்தது. நுனி மட்டும் புத்தகத்தின் விளிம்பில் எட்டிப் பார்த்தது. பத்து வருடச் சுபவேளையும் அந்தக் குழியில் போயிருந்தது.

கனகரத்தினம் அதை எடுத்து, ரீவியை நோக்கி ஒரு முறை அமத்தினார். படம் வந்தது. மறுபடி அமத்தினார். அணைந்தது. முன்னால் யாரும் நிற்கவில்லை.

“எங்கடை வீட்டு மருமகளைத் தோஷக்காறி எண்டு தாய் வீட்டுக்கு அனுப்பிப் போட்டன்,” என்று பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். பிறகு எல்லாருக்கும் ஒவ்வொன்று நினைவு வந்தது. சத்தம் கூடியது. றொகான், தானும் ஏமாந்துபோனதாகச் சொல்லிக்கொண்டே சப்பாத்தைத் தேடினார். அறுபத்தைந்து அங்குலத்தை அன்றைக்கே எடுத்துக்கொண்டு நாற்பத்துமூன்றைக் கொண்டுவந்து பூட்டித் தருவதாக, யாரும் கேட்காமலே வாக்குக் கொடுத்தார். சாத்திரியார் எந்த வழியால் போனார் என்பதில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. கிணற்றடி வேலியின் ஓட்டைப் பொட்டால் நுழைந்து என்றுதான் பலர் சொல்லுகிறார்கள்.

சனம் போனபிறகு கனகரத்தினம் வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கச்சியின் அறைக்குள்ளே வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை.

“என்னை மன்னிச்சுக்கொள், தங்கச்சி.”

“ரீவியின்ரை முதுகைப் பாத்துச் சாதகம் கேட்ட நேரத்திலை, அண்ணை, என்ரை முகத்தை ஒருக்காப் பாத்திருக்கலாம்,” என்றாள் மகாதேவி. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவர் அதனால்தான் அழுதார். கமலாவதி குசினிக்குள் நின்று தேத்தண்ணியை மூன்று தரம் ஆற்றினாள். வெளியே வர அவளுக்கு முகமில்லை.

ஊர் திருந்திவிட்டது என்று இந்த இடத்தில் முடித்தால் கதை நன்றாக இருக்கும். என்ன செய்வது, நடந்தது அதுவல்ல.

மறு ஞாயிறு காலை, தையல் மெசினில் இருந்த மகாதேவி தலையை நிமிர்த்தினாள். படலையில் அருமைநாயகி. அவளுக்குப் பின்னால் லூர்த்தம்மா. அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். எல்லாருடைய கையிலும் கறுப்புப் பொட்டு அட்டை.

“மகாதேவி, அந்த வேசக்காறனைப் பிடிச்சது உன்ரை பொட்டுத்தானே. எவ்வளவு சக்தி!” என்றாள் அருமைநாயகி. “நீ கைராசிக்காறி. எங்கடை ரீவிக்கும் ஒருக்கா உன்ரை கையாலை ஒட்டிவிடன். நானா ஒட்டிப் பாத்தன், றிமோட் வேலை செய்யேல்லை. முறை தெரியாமல் ஒட்டீட்டன் போலை.”

மகாதேவி மெசினை நிறுத்தினாள். வந்திருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை இதே முகங்கள்தான் அவள் பெட்டி கட்டுவதைப் பார்க்க வந்தன.

“போன கிழமை தோஷக்காறி, இந்தக் கிழமை கைராசிக்காறி. நான் அதே ஆள்தான், அருமையக்கா,” என்றாள். “ரீவியின்ரை கண்ணை மூடினால், அது ஆற்றை சொல்லும் கேளாது. உங்கடை கண்ணை மூடினால், நீங்கள் ஆர் சொன்னாலும் கேக்கிறியள். ஒரு மிசினுக்கு இருக்கிற ரோசமாவது மனிசருக்கு வேண்டாமோ?”